குளக்கரையில் தனியாக இருப்பது தப்பா?

கேள்வி: வணக்கம் மேடம். வயது 49, கோவையில் இருக்கிறேன். விடிந்ததும் சிங்காநல்லூர் குளத்துக்குத் தனியாகப் போய்ப் பறவை பார்ப்பேன். சமைத்து வைத்துவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் என் கணவர், “அங்கே யாரைப் பார்க்கப் போறே?” என்கிறார். மகன் கேலி செய்கிறான். இவர் நண்பர்களோடு டீக்கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது தப்பில்லை! முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாவற்றையும் எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றி, குழுவில் படம் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன். ஒரு நிமிடம்கூட வீணாக்குவதில்லை. சும்மா உட்கார்ந்தால், “இனி வைத்தியம் பலிக்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்று டாக்டர் சொன்னதும், அம்மாவுக்காக நான் கையெழுத்துப் போட்டதும் கண்முன் வரும். அதனால் உட்காருவதே இல்லை. அது கிடக்கட்டும். சமைத்து வைத்துவிட்டுப் போகிறவளுக்கு இந்த நேரம்கூடச் சொந்தமில்லையா? இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த நேரம் உங்களுடையதுதான். ஆனால் எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்குப் போகிறவரைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். அதைச் சந்தேகமாகக் கேட்டதுதான் உங்கள் கணவர் செய்த தவறு.

நீங்கள் “அது கிடக்கட்டும்” என்றதை என்னால் விட்டுவிட முடியவில்லை. குளத்துக்குத் தனியாகப் போகிறீர்கள், ஆனால் அங்கே தனியாக இருப்பதில்லை. பறவைக் கணக்கு நல்ல வேலை, தொடருங்கள். ஆனால் அம்மா நினைவு வராமல் காவல் காக்கும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

சும்மா இருப்பது பலருக்கும் எளிதல்ல. 2014-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெறும் அறையில் 15 நிமிடம் தனியே விடப்பட்ட 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருப்பதை விட்டு, அங்கிருந்த பொத்தானை அழுத்தித் தமக்குத் தாமே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். குளக்கரை அப்படியல்ல. மனம் கனக்கும்போது கண் போய் நிற்க அங்கே தண்ணீரும் அசைவும் உண்டு.

வாரத்தில் இரண்டு நாள், எண்ணத் தொடங்கும் முன் 20 நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். பைனாகுலர் பையில் இருக்கட்டும். போனை அணைக்க வேண்டாம், சைலன்டில் போட்டால் போதும். ஆள் மிக அருகே வந்துவிட்டால் மடையான் கொக்கு விலகிப் பறக்கும்; நீங்கள் அசையாமலிருந்தால் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்குள் கையெழுத்து நினைவு வரும், எழுந்து நடக்கத் தோன்றும். எழாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். “ஏன் போட்டேன்?” என்ற கேள்வியே சுழன்றால், ஒரு முக்குளிப்பான் மூழ்கி வேறெங்கோ தலை தூக்கும் வரை அதை மட்டும் பாருங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டால் இதை நிறுத்திவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் பேசுங்கள்.

மருத்துவம் கைவிரித்த பிறகு போட்ட கையெழுத்து அது. நீங்கள் அம்மாவைக் கைவிடவில்லை, வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள்.

இந்தப் பாரம் உங்கள் கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. அவருக்குப் பறவைகளைப் புரிய வைப்பது பிறகு இருக்கட்டும். முதலில் இதைச் சொல்லுங்கள்.