கணவரோடு சிங்கப்பூரில் குடியேறித் தையல் தொழில் தொடங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோயம்புத்தூரில் சொந்தமாகத் தையல் கடை நடத்தி வருகிறேன். ரவிக்கை தைப்பதும் ஆரி வேலைப்பாடும் என் தொழில். சென்ற தை மாதம் எனக்குத் திருமணம் நடந்தது. கணவர் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதி அட்டையில்) பொறியாளராக இருக்கிறார். மாதச் சம்பளம் 6,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். நானும் அங்கே வந்து, வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்க விரும்புகிறேன். "டிபென்டன்ட் பாஸில் வந்துவிடட்டும், வீட்டுக்குள் தைப்பதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று அவருடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். அப்படிச் செய்யலாமா? தையல் இயந்திரத்தையும் துணிமணிகளையும் இங்கிருந்தே கொண்டுவரலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். டிபென்டன்ட் பாஸ், அதாவது சார்ந்திருப்போர் அனுமதி அட்டை, கணவருடன் இங்கே சிங்கப்பூரில் தங்குவதற்கான உரிமையைத்தான் தருகிறது. வேலை செய்யும் உரிமை அதில் அடங்கவில்லை. தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கினால் அது வேலைதான். வீட்டுக்குள் செய்தாலும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்தாலும், தெரிந்தவர்களுக்கு மட்டும் தைத்தாலும் இதில் மாற்றமில்லை. உரிய அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் ஒரு புகார் போதும், கணவரின் வேலை அனுமதிக்கே கேள்வி வந்துவிடும்.

இனி நீங்கள் செய்யக்கூடியதைப் பார்ப்போம். முதலில் அட்டை. கணவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவிக்கு இந்த அட்டை கிடைக்கும். உங்கள் கணவர் சொல்லும் 6,800 வெள்ளியில் மிகைநேர ஊதியமோ, மாதத்துக்கு மாதம் மாறும் படியோ கலந்திருக்கிறதா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அவை நிலையான சம்பளத்தில் சேராது. விண்ணப்பத்தை அவர் தாமாகப் போட முடியாது, அவருடைய நிறுவனம்தான் போட வேண்டும். ஆகவே மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்றாலும், கோயிலில் தாலி கட்டிய ரசீதையும் திருமண அழைப்பிதழையும் மட்டும் வைத்துக்கொண்டு பதிவை ஒத்திப்போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் பதிவு செய்யவில்லையென்றால் இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது தொழில். 2021 மே 1ஆம் தேதிக்கு முன்பு, டிபென்டன்ட் பாஸ் வைத்திருந்தவர்கள் மனிதவள அமைச்சிடம் ஒப்புதல் கடிதம் ஒன்றைப் பெற்று ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடிந்தது. அந்த வசதி இப்போது இல்லை. வேலைக்குச் சேர விரும்புபவர் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். ஆனால் சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு அந்த ஒப்புதல் கடிதம் இன்னும் உண்டு. அதைக் கேட்பவர் தனி உரிமையாளராகவோ, கூட்டாளியாகவோ, குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் நிறுவன இயக்குநராகவோ இருக்க வேண்டும். தொழில் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் கடிதம் நிலைக்க வேண்டுமானால், உங்கள் தொழிலில் ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ வேலைக்கு வைத்து, உள்ளூர்த் தகுதிச் சம்பளத்துக்கு, அதாவது ஒருவரை உள்ளூர் ஊழியராகக் கணக்கில் கொள்ள அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, குறையாமல் கொடுத்து, குறைந்தது மூன்று மாதம் அவருக்கு மத்திய சேமநிதியும் (ஊரில் பி.எஃப். போன்றது) கட்டியிருக்க வேண்டும்.

உங்களைப் போன்ற கைத்தொழில்காரர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வீட்டிலிருந்தே சிறிய அளவில் தொழில் செய்வதற்கு வீவகவும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. தையல், பலகாரம் செய்தல், துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தல் போன்றவற்றுக்கு அதில் இடமுண்டு. தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் தொழிலைச் செய்யலாம், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. ஒரு விதி வெளியாளை வைக்காதே என்கிறது. உங்கள் ஒப்புதல் கடிதமோ உள்ளூர் ஆள் ஒருவரை வேலைக்கு வை என்கிறது. சிங்கப்பூரர்களான இல்லத்தரசிகளுக்கு எளிதாகப் பயன்படும் இந்தத் திட்டம், டிபென்டன்ட் பாஸில் வருபவருக்கு ஏட்டில் இருக்கும் அளவுக்குக் கையில் இல்லை என்பதே என் கருத்து.

அந்த ஓர் ஆளுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளூர்த் தகுதிச் சம்பளம் 2024 ஜூலையில் 1,400 வெள்ளியிலிருந்து 1,600 வெள்ளிக்கு உயர்ந்தது. இது அவ்வப்போது உயர்த்தப்படும் தொகை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர் ஒருவருக்கு முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 17 விழுக்காடு. 1,600 வெள்ளிச் சம்பளத்துக்கு அது 272 வெள்ளி. ஆக மாதம் 1,872 வெள்ளி. ஒரு ரவிக்கைக்குத் தையல் கூலி 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், லைனிங் துணி, நூல், கொக்கி எதையும் கழிக்காமலேயே, அந்தச் சம்பளத்துக்கு மட்டும் மாதம் 47 ரவிக்கை தைத்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அது பெரிய காரியமில்லை. தீபாவளி முடிந்து தைப்பொங்கல் வரும்வரை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

ஆகவே, உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி கூட்டாளியாகச் சேர்வது. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையின் மாடியில் புடவைக் கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை இங்கே வந்ததும் பார்ப்பீர்கள். ஏற்கெனவே கடையும் வாடிக்கையாளர்களும் வைத்திருந்து, ஆரி வேலை தெரிந்த ஆள் இல்லாமல் அந்த ஆர்டர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தால், அவருக்கு உங்கள் கை தேவைப்படும், உங்களுக்கு அவருடைய இடமும் ஆளும் தேவைப்படும். ஆனால் கூட்டுத் தொழில் என்றால் கடனும் கூட்டுத்தான்: கூட்டாளி வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்தப் பணத்திலிருந்தும் வசூலிக்கலாம். நிறுவனமாகப் பதிவு செய்து 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்கு வாங்கினால் பொறுப்பு ஓரளவு மட்டுப்படும். பதிவுக் கட்டணமும் பெரிதில்லை: பெயர் ஒப்புதலையும் சேர்த்துத் தனி உரிமைத் தொழிலுக்கு ஓராண்டுக்கு 115 வெள்ளி, நிறுவனத்துக்கு 315 வெள்ளி. பதிவு முதலா, ஒப்புதல் கடிதம் முதலா, இடைக்காலத்தில் உள்ளூர் இயக்குநராக யார் இருப்பது என்பவற்றை அக்ராவில் பதிவு பெற்ற முகவர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்தே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாடிக்கையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்குள்ள தமிழ்ப் பெண்களில் பலர் ஊருக்குப் போகும்போதே பட்டும் எடுத்து, ரவிக்கையும் தைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கூலியில் கோவைத் தையல்காரரோடு போட்டி போட உங்களால் முடியாது. ஆனால் அப்படி வரும் ரவிக்கைகளில் கழுத்து இறங்கியிருக்கும், கைப்பட்டி இறுக்கும், மார்பளவு ஓர் அங்குலம் கூடியிருக்கும். திருமணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் அதைப் பிரித்துச் சரிசெய்து தர ஆள் தேடுவார்கள். தையலுக்குள் துணி விட்டிருக்கிறார்களா என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்து, அங்கேயே விலை சொல்லத் தெரிந்தவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். ஆரி வேலையை விளம்பரத்துக்கு வையுங்கள், திருத்த வேலையைச் சோற்றுக்கு வையுங்கள்.

தையல் இயந்திரத்தைத் தாராளமாகக் கொண்டுவரலாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். மூன்று சதுர முனை கொண்ட பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். துணிமணி விஷயம் வேறு. விற்பனைக்காகக் கொண்டுவரும் பொருள்களுக்குப் பயணிகளுக்கான வரிச் சலுகை கிடையாது. சொந்த உபயோகப் பொருளுக்கான சலுகைகூட டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. லைனிங், ஜரிகை, குந்தன் கல், மணி ஆகியவற்றைப் பெட்டியில் அடுக்கி வந்தால், சாங்கி விமான நிலையத்தில் சிவப்புத் தடத்தில் போய் அறிவித்து, 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியைக் கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ரசீது பின்னால் உங்கள் கணக்குக்கும் உதவும்.

கோவைக் கடையை உடனே மூடிவிட வேண்டாம். நாத்தனாரோ நம்பிக்கையான ஆளோ பார்த்துக்கொள்ள முடிந்தால், ஓராண்டாவது ஓடட்டும். இங்கிருந்தபடி அதன் வடிவமைப்பு வேலையைச் செய்யலாமா என்று மனிதவள அமைச்சுக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள். குடியிருக்கவே வெளிநாடு போகிறீர்கள் என்பதால், இந்தியாவில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அட்டை கணவரின் அட்டையோடு கட்டப்பட்டது; உங்கள் ஒப்புதல் கடிதம் உங்கள் அட்டையோடு கட்டப்பட்டது. அவர் வேலையை விட்டாலோ, நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தாலோ, மூன்றும் ஒன்றாகப் போகும்; பொதுவாக 30 நாளுக்கான குறுகிய கால அனுமதிதான் கையில் இருக்கும். அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் புதிய நிறுவனம் உங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கடை வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன. முன்பணமும் கொடுக்க வேண்டும். கணவருக்கு அனுமதி எத்தனை மாதம் மீதியிருக்கிறதோ அதைத் தாண்டிப் போகும் எந்த ஒப்பந்தத்திலும் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். அவரும் மாலையில் வந்து உங்கள் கடைக் கணக்கைப் பார்ப்பது, ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இறங்கிவிட வேண்டாம். அவருடைய பாஸ் அவருடைய முதலாளியின் வேலைக்கு மட்டுமே உரியது.

---

கேள்வி: நான் சிங்கப்பூரர். அலுவலகம் ஒன்றில் முழுநேர வேலையில் இருக்கிறேன். என் கணவர் திருச்சியைச் சேர்ந்தவர். நீண்டகால வருகை அனுமதி அட்டையில் என்னோடு வந்து சேர்ந்திருக்கிறார். ஊரில் சிற்றுண்டிக் கடை நடத்தியவர். அவர் பெயரில் உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டரில்) ஒரு தோசைக் கடை எடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அவர் பெயரில் முடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் உணவங்காடிக் கடைகளைச் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே வாடகைக்கு விடுகிறது. உங்கள் பெயரில் ஏலக்குத்தகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டிருப்பார்: கடையை எடுத்தவர் நேரில் நின்று நடத்த வேண்டும். உங்கள் பெயரில் கடையை எடுத்து, கணவரை நிறுத்திவிட்டு நீங்கள் அலுவலகம் போய்வருவது விதிமீறல். 2025 ஜனவரி 1 முதல் நீண்டகால வருகை அனுமதி பெற்றவர்களும் உணவங்காடிகளில் உதவியாளராக வேலை செய்யலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. ஆகவே, அலுவலக வேலையை விட்டுவிட்டு நீங்கள் கடையில் நிற்க, அவர் தோசைக்கல் முன் நிற்கலாம். அதற்கும் அவரிடம் வேலை செய்வதற்கான ஒப்புதல் கடிதம் இருக்க வேண்டும். அட்டையோடு சேர்த்தே அது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் நிலையான வருமானம் உங்களுடையது ஒன்றுதான் என்றால், அதை இப்போது விட வேண்டாம் என்றே சொல்வேன். அவர் முதலில் வேறொருவர் கடையில் உதவியாளராகச் சேர்ந்து, உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, இங்கே மாவு எவ்வளவு நேரத்தில் புளிக்கிறது, காலை ஏழு மணிக்கு வருபவர் என்ன கேட்கிறார், ஒரு கடைக்கு எரிவாயுவும் துப்புரவுக் கட்டணமும் எவ்வளவு ஆகின்றன என்பவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் வேலையும் உங்களிடம் இருக்கும்.