ரிடோ கால்வாய் திறக்கும் நேரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மே பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. வள்ளத்தை இறக்கலாமா என்று கேட்பவர்கள் பாதிப்பேர், முதன்முதலாகப் போகிறோம் என்பவர்கள் மீதிப்பேர். பதினாறு வருஷமாகக் கனடாவில் ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையில் ரிடோ கால்வாயில் வள்ளம் விடுகிறேன். இந்த முறை கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பார்ஹேவன்): அண்ணா, ஏப்ரல் நடுவிலேயே பனி கரைந்துவிட்டது. ஆனால் ஒட்டாவா நகருக்குள் கால்வாய் இன்னும் சேறும் குட்டையுமாகக் கிடக்கிறது. மே நடுப்பகுதி வரை ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

இழுத்தடிக்கவில்லை தம்பி, தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கால்வாய் என்று பெயர்தானே தவிர, இதன் 202 கிலோமீற்றரில் மனிதர் வெட்டியது ஏறக்குறைய 19 கிலோமீற்றர்தான். மற்றதெல்லாம் ரிடோ ஆறு, கற்றராக்வி ஆறு, நடுவிலுள்ள ஏரிகள். அங்கங்கே அணை கட்டி மட்டத்தை உயர்த்தி, படகு ஓடும் ஆழத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊரில் குளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துவிட்டால் எப்படியிருக்கும், அப்படி.

இரணைமடுவில் வான்கதவு எப்போது திறப்பார்கள் என்று மாரியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இங்கே மழைக்குப் பதில் பனி உருகிய வெள்ளம். அதைப் பெரிய ரிடோ ஏரியிலும் பாப்ஸ் ஏரியிலும் பிடித்து வைத்தால்தான் ஓகஸ்டில் படகுக்கு ஆழம் இருக்கும். கூடப் பிடித்தால் ஏரிக்கரை வீட்டுக்காரரின் இறங்குதுறை மூழ்கும். கூடத் திறந்துவிட்டால் கீழே இருக்கிறவர்களுக்கு வெள்ளம். அதற்கு முன்னால் ஆற்றுப் பனிக்கட்டி வேறு. ரிடோ அருவியில் தொடங்கி, அதை வெட்டியும் வெடி வைத்தும் உடைத்து வழிவிடும் வேலை நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

நீங்கள் பார்த்த சேறு நகரத்துத் துண்டு. அக்டோபரில் நன்றி நவிலும் நாள் கழிந்ததும் அதில் தண்ணீரை வடித்து, சறுக்கு விளையாட்டுக்குத் தேவையான அளவை மட்டும் வைத்திருப்பார்கள். வசந்த வெள்ளம் தணியும்போதுதான் மறுபடி நிரப்புவார்கள். படகை ஏற்றி இறக்கும் லொக்குகள் மே மாத விக்டோரியா தின வார இறுதியை ஒட்டித் திறக்கும். இந்த வெள்ளத்தோடு விளையாட முடியாது. 1820களில் கட்டிக்கொண்டிருந்தபோதே ஹாக்ஸ் பேக் அணையை அது மூன்று முறை உடைத்துக்கொண்டு போனது.

கேள்வி (ஓர்லியன்ஸ்): 16 அடி அலுமினிய வள்ளம் வாங்கியிருக்கிறோம். லொக்குக்குள் போக மனிசிக்குச் சரியான பயம். என்ன செய்ய வேண்டும்?

லொக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி. உள்ளே போவீர்கள், கதவைச் சாத்துவார்கள், மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள், மறுபக்கக் கதவு திறக்கும். தொட்டி 134 அடி நீளம், 33 அடி அகலம். உங்கள் வள்ளம் அதற்குள் ஒரு செருப்பு மாதிரி.

துறையில் நீலக் கோடு பூசிய இடத்தில் நின்றால் லொக்குக்குக் காத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சும்மா தரித்து நிற்பதென்றால் அந்தக் கோட்டில் நிற்காதீர்கள். முறை வந்ததும் ஊழியர் கைகாட்டுவார். மெல்ல உள்ளே போய், சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் கேபிளைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு நுனியைக் கையில் பிடியுங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்துங்கள். சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

கயிற்றைக் கட்டக் கூடாது, பிடிக்கத்தான் வேண்டும். முதல் வருஷம் இறங்கும் லொக் ஒன்றில் முன்கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, போத்தலில் இருந்த தேத்தண்ணீரை ஊற்றத் திரும்பினேன். தண்ணீர் இறங்கியது, வள்ளத்தின் மூக்கு இறங்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்து, சாமான் எல்லாம் என் காலடிக்குச் சரிந்து வந்தது. முடிச்சில் முழுப் பாரமும் ஏறிவிட்டதால் விரல் நுழையவில்லை. கத்தியால் அறுத்தேன். அன்றிலிருந்து லொக்குக்குள் என் சட்டைப்பையில் கத்தி இருக்கும், கயிறு கையில் இருக்கும்.

மனிசியிடம் சொல்லுங்கள், பயம் தெளிந்ததும் நிமிர்ந்து பார்க்கட்டும். இளம் பிள்ளைகள் இருவர் ‘கிராப்’ என்கிற இரும்பு விஞ்சின் கைபிடியைச் சுற்றுவார்கள். கிராப் என்றால் நண்டுதான். ஈரச் சங்கிலி கரகரவென்று ஏறும். பெரிய மரக்கதவு அசைகிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் திறக்கும். பொருத்துகளில் தண்ணீர் விசிறியாகச் சீறி முகத்தில் தெறிக்கும். பேர்த்துக்குப் பிரியும் தே கிளையையும் சேர்த்தால் 24 நிலையங்கள், 47 லொக்குகள். அவற்றில் நியூபரோ, பிளாக் ரபிட்ஸ், ஸ்மித்ஸ் போல்ஸ் கூட்டு லொக் ஆகிய மூன்று நிலையங்கள்தான் மின்சாரத்தில் இயங்குகின்றன. மற்றதெல்லாம் 1832இல் போலவே கைப்பலம். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): குடும்பமாக ஒரு கிழமைக்கு வீட்டுப்படகு எடுக்கலாமா? எங்களிடம் படகு ஓட்டும் அட்டை இல்லை.

எடுக்கலாம். ஐரோப்பியக் கால்வாய்களில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் 2018 முதல் ஸ்மித்ஸ் போல்ஸில் இருந்து வாடகைக்கு விடுகிறது. சொந்தப் படகில் இயந்திரம் இருந்தால் அட்டை கட்டாயம். வாடகைப் படகுக்குப் புறப்படுமுன் அவர்கள் தரும் பாதுகாப்பு விளக்கமும் கையொப்பமும் போதும். இருட்டியபின் ஓட விடமாட்டார்கள்.

ஒரு கிழமையில் இரு முனையையும் தொட நினைக்காதீர்கள். வெட்டிய வாய்க்காலில் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர்தான். ஸ்மித்ஸ் போல்ஸில் இருந்து தெற்கே ஏரிப்பக்கம் போங்கள். இரவில் லொக் நிலையத் துறையில் அனுமதிச்சீட்டு எடுத்துத் தரித்தால் கழிப்பறையும் மேசை இருக்கையும் கிடைக்கும். மீன் பொரிப்பதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கபினுக்குள் அந்த மணம் கிழமை முழுக்கப் போகாது.

கேள்வி (கனாட்டா, மாணவி): கால்வாய் வெட்டியவர்கள் மலேரியாவில் செத்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். கனடாக் குளிரில் மலேரியாவா? இந்தியாவில் இருந்து வந்த படையினர் கொண்டுவந்தார்கள் என்பது உண்மையா?

நல்ல கேள்வி பிள்ளை, எனக்கு மிக நெருக்கமான கேள்வி. மலேரியா உண்மை. இந்தியாக் கதை பிழை. குளிர்நாட்டிலும் தாக்குப்பிடிக்கும் விவாக்ஸ் வகை மலேரியா கால்வாய்க்கு முன்பே இந்தப் பக்கம் இருந்தது. நுளம்பும் இருந்தது. ஆயிரக்கணக்கானோரைச் சதுப்பில் கொண்டுபோய்க் குடிசைகளில் வைத்ததும் நோய் பரவியது. 1828 கோடை மிக மோசம். கொயினா மருந்து விலை கூடியது, கூலிக்காரருக்கு எட்டவில்லை.

1812 போருக்குப் பிறகு, அமெரிக்கர் சென்ற் லோரன்ஸ் ஆற்றை மறித்தால் மாற்றுவழி வேண்டும் என்று பிரித்தானியப் படை கட்டிய கால்வாய் இது. 1826இல் தொடங்கி 1832இல் முடிந்தது. பொறுப்பாக இருந்தவர் கேணல் ஜோன் பை. வெட்டியவர்கள் ஐரிஷ் மக்களும் பிரெஞ்சுக் கனடியரும், கல் செதுக்கியவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள், பாதியளவு மலேரியாவில். ஒட்டாவா லொக்குகளருகே அவர்கள் நினைவாக ஒரு கெல்ற்றிக் சிலுவை நிற்கிறது, அடுத்த முறை போகும்போது பார். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே இது அல்கொன்கின் மக்களின் நீர்வழி.

நியூபரோவில் பாறையும் காய்ச்சலும் சேர்ந்து வேலையை முடக்கின. பை என்ன செய்தார் தெரியுமா? கீழே நறோஸ் என்ற இடத்தில் இன்னொரு அணையும் லொக்கும் போட்டு, ஏரியையே இரண்டாகப் பிரித்து மேற்பகுதியின் மட்டத்தை உயர்த்தினார். பாறையை ஆழமாக வெட்டும் வேலை குறைந்தது. இன்றைய மேல் ரிடோ ஏரி அப்படிப் பிறந்ததுதான். இவ்வளவு செய்தவரை, செலவு கூடிவிட்டதென்று இலண்டனுக்கு அழைத்து விசாரித்தார்கள். உரிய மதிப்புக் கிடைக்காமலே 1836இல் இறந்தார். அவர் பெயரால் பைரவுண் என்றிருந்த ஊர்தான் 1855இல் ஒட்டாவா ஆனது.

அம்மாவின் குசினியில் ரெட்பாத் சீனிப்பை இருக்கிறதா பார். அந்த ஜோன் ரெட்பாத் இந்தக் கால்வாயின் ஒப்பந்தக்காரர்களில் ஒருவர். ஜோன்ஸ் போல்ஸில் 60 அடி உயரக் கல்வளைவு அணையைக் கட்டினார், அந்தக் காலத்தில் வட அமெரிக்காவிலேயே உயரமான அணை. சீனி ஆலை வந்தது 1854இல், மொன்றியலில்.

கேள்வி (நெப்பியன்): மே மாதமே கயாக் இறக்கலாமா? வெயில் நல்லா அடிக்கிறது.

வெயில் உங்கள் முதுகில்தான் அடிக்கிறது, தண்ணீர் இன்னும் பனியை மறக்கவில்லை. குளிர்நீரில் விழுந்தால் ஒன்று, பத்து, ஒன்று என்று கணக்கு வைத்திருங்கள். திணறும் மூச்சைச் சீராக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் சொல்கேட்க ஏறக்குறைய பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். உயிர்காப்பு அங்கி போட்டிருப்பவருக்குத்தான் அந்தக் கடைசிக் கணக்கு பொருந்தும். அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது உடம்பில் இருக்க வேண்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தனியாகப் போகாதீர்கள், அணைகளுக்கு மேல்பக்கம் நெருங்காதீர்கள்.

கேள்வி (கிங்ஸ்டன்): பாஸ் மீன் இப்போது பிடிக்கலாமா?

இல்லை, ஜூன் வரை பொறுங்கள். ஆண்மீன் கூட்டில் காவல் நிற்கும் காலம் இது. அதைத் தூக்கினால் சில நிமிடத்தில் மற்ற மீன்கள் முட்டையை முடித்துவிடும். 18 முதல் 64 வயதினருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கேள்வி (மார்க்கம்): அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் நோ. படகில் ஏறாமல் லொக் வேலை செய்வதைக் காட்ட முடியுமா? டியூலிப்பும் பார்க்க வேண்டும்.

பாராளுமன்றத்தடியில் எட்டு லொக்குகள் படிபோல 24 மீற்றர் இறங்குவது பெரிய காட்சி. ஆனால் சரிவு, அம்மாவுக்குக் கஷ்டம். மெரிக்வில் கூட்டிப்போங்கள். ஊர் நடுவிலேயே லொக், பக்கத்தில் பழைய காவற்கோட்டை. ஒரு நாற்காலியும் கொண்டுபோனால் அரைநாள் இருந்து பார்க்கலாம். டியூலிப் என்றால் நகருக்குள் டவ்ஸ் ஏரிக்கரை. போர்க்காலத்தில் இங்கே அடைக்கலம் இருந்த டச்சு இளவரசி யூலியானாவின் குடும்ப நன்றியாகத் தொடங்கிய பூக்கள் அவை. 1945இல் நெதர்லாந்து 100,000 கிழங்குகள் அனுப்பியது.

கேள்வி (பிக்கரிங்): ஒன்ராறியோ ஏரியில் விட்ட வள்ளத்தை நேரே ரிடோவில் இறக்கலாமா?

கழுவிவிட்டு. அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியுள்ள பாசி, சிப்பி எல்லாம் அகற்றிய பிறகுதான் வீதியில் ஏற்றலாம். 2022இலிருந்து மாகாணச் சட்டம்.

கேள்வி (பேர்த்): ஏரிக்கரை வீதிகளில் ஆமைகள் அடிபட்டுக் கிடக்கின்றன. கண்டால் என்ன செய்வது?

ஜூனில் இன்னும் கூடும். பெரும்பாலும் முட்டையிட மண் தேடி வரும் தாய் ஆமைகள். பின்னால் வாகனம் இல்லையென்று பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். சிறிய ஆமையை இரு கையாலும் ஓட்டின் பக்கங்களில் பிடித்துத் தூக்கலாம். நீண்ட வாலும் பெரிய தலையும் உள்ள ஸ்னாப்பிங் ஆமையென்றால் வாலில் பிடித்துத் தூக்காதீர்கள், முள்ளெலும்பு முறியும். காரின் கால்மிதியை விரித்து, ஓட்டின் பின்பக்கமாகப் பிடித்து அதன்மேல் ஏற்றி இழுத்துவிடுங்கள். போய்க்கொண்டிருந்த திசையிலேயே விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் அது மறுபடி வீதியைக் கடக்கும்.