சேமித்த நெல்லில் அந்துப்பூச்சி வருவது ஏன்?

தை அறுவடையில் மூட்டை கட்டிய நெல்லில் சித்திரைக்குள் அந்துப்பூச்சி பறப்பது ஏன் என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பல நேரங்களில் அது வயலிலேயே தொற்றிவிடுகிறது. முற்றிய கதிரில் தாய்ப்பூச்சி இடும் முட்டையிலிருந்து வரும் புழு மணிக்குள் புகுந்து, அரிசியைத் தின்று வளர்ந்து, உமியில் வட்டத் துளை விட்டு அந்தாக வெளியேறுகிறது. புழு மணிக்குள்ளேயே இருப்பதால், உணவுக்கான நெல்லில் மருந்து தூவுவதை நான் ஏற்க மாட்டேன்; காயவைப்பதே முதல் வேலை. அறுக்கும்போது 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 12 சதவீதமாக இறங்கும்வரை, களத்தில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி காலால் கிளறிவிட்டு உலர்த்துங்கள்; கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். சூடு ஆறாமல் கட்டினால் மூட்டைக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குங்கள். நொச்சியும் வேப்பிலையும் துணைக்குத்தான். பழைய சாக்குகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள், ஏனெனில் சென்ற ஆண்டுப் பூச்சி அவற்றின் தையலில் தங்கியிருக்கலாம்.