கரட்டில் மரம் நடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கரடு (சின்னப் பாறைக்குன்று) இருக்கிறது. முழுக்க முள்ளும் புதரும்தான். ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து, ஆயிரம் மரக்கன்று நடலாம் என்கிறார்கள். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. அந்தக் காட்டைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?
(வாசகி, பாலக்கோடு அருகே)

பதில்: உங்கள் மனசு சொல்வது சரி. ஜேசிபியை முதலில் நிறுத்துங்கள். பிள்ளைகளின் அக்கறை நல்லதுதான், ஆனால் அது வெற்றிடம் இல்லை, ஏற்கெனவே ஒரு காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆண்டு மழையே 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதற்கும் பாறை மண்ணுக்கும் ஏற்ற மாதிரி உசிலும் வெள்வேலும் ஆவாரையும் விராலியும் காரையும் சூரையும் தாமாக வந்து நின்ற இடம் அது. கௌதாரி முட்டையிடுவதும் முயல் பதுங்குவதும் நீங்கள் சொல்லும் அந்த முள்ளுக்குள்தான். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் எங்கே போய்ப் பறிக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

முதல் வேலையாக அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டை வருவாய்த்துறையின் இணைய சேவைத் தளத்திலேயே பார்க்கலாம், இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனச்சரகரிடம் பேசாமல் ஒரு செடியைக்கூடத் தொடக்கூடாது. புறம்போக்கு என்றால் ஊராட்சியிலும் வருவாய்த்துறையிலும் அனுமதி வாங்க வேண்டும், பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம். அப்புறம் கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எப்படியும் கூடுகிறது, அதில் பத்துப் பேராகப் போய் இந்தக் கரடு இப்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஓர் உயிரியல் பல்வகைமை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் செடிகொடி, பறவை, விலங்குகளை மக்கள் பதிவேட்டில் எழுதிவைப்பது அதன் வேலை. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு நடக்கிறதா என்று கேளுங்கள், கரட்டில் இருப்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்டு அதில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மானமும் பதிவேடும் மட்டுமே எல்லாவற்றையும் தடுத்துவிடாது, ஆனால் நாளைக்கு யாராவது கல் குவாரிக்கோ மனைப்பிரிவுக்கோ வந்து நிற்கும்போது எடுத்துக்காட்ட எழுத்தில் ஒன்று இருக்கும்.

பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் அல்லவா, அது நிறையவே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியும் (லன்டானா) சீமைக்கருவேலமும்தான் அங்கே எடுக்க வேண்டியவை. ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், சீமை என்று நினைத்து நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடுகிறார்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ நீண்ட கதிர். வெள்வேலின் பட்டை வெளுத்திருக்கும். சீமையை மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சின்னக் கன்றுகளை வேரோடு பிடுங்குவதுதான் பலன் தரும். ஆடுமாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் போடுவதால் ஒவ்வொரு மழைக்குப் பின்னாலும் ஒரு சுற்றுப் போக வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன், எய்லீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டருகே இருந்த புதர்க்காட்டில் ஒரு முறையைக் கடைப்பிடித்தார்கள். களை மண்டிய இடத்தில் தொடங்கக்கூடாது, நாட்டுச்செடி நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கிக் களைப் பக்கமாக மெதுவாக நகர வேண்டும். மண்ணை முடிந்தவரை கிளறக்கூடாது. எடுத்த இடத்தில் நாட்டுச்செடி முளைத்து வரும் வேகத்தில்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நம் கரட்டுக்கும் இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் ஒரே நாளில் வழித்தெடுத்த வெறும் மண்ணில் முதலில் வந்து உட்காருவது பார்த்தீனியம் என்ற களைதான். நடவு இல்லாமலே காடு திரும்பும், விதை மண்ணிலேயே இருக்கிறது.

இன்னொன்று, தீ. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்லுக்கும் குப்பைக்கும் தீ வைக்கும் பழக்கத்தைத் தெருவில் பேசி நிறுத்துங்கள். தீக்குப் பிறகு உண்ணிச்செடி அடியிலிருந்து தழைத்து வந்துவிடும், மற்ற இளங்கன்றுகள் போய்விடும். அங்கே யாரையும் குப்பை கொட்டவும் விடாதீர்கள், அதைத் தேடி வரும் தெருநாய்கள் முயலையும் மயில் குஞ்சையும் விடுவதில்லை.

கேள்வி: புதரை அழித்தால் யானை ஊருக்குள் வராது என்கிறார்களே?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: அழிக்காதீர்கள். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக உங்கள் பகுதிக்கு யானைக்கூட்டம் வருவது பெரும்பாலும் கேழ்வரகு முற்றும் காலத்தில், அதைத் தேடித்தான். காட்டில் தழையும் புல்லும் குறையக் குறைய வயல் இன்னும் இழுக்கும். உண்ணிச்செடி மூடிய இடத்தில் புல் வளராது என்பதால் அதை எடுப்பது நியாயம், ஆனால் அங்கே வனத்துறை ஆட்களோடு, நல்ல வெளிச்சத்தில்தான் போக வேண்டும். இருட்டில் கருக்கலில் யாரும் தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி: வீட்டு வேலிக்கு என்ன வைக்கலாம்?
(வாசகி, ஓசூர்)

பதில்: ஆவாரை, விராலி, நொச்சி. மூன்றும் குறைந்த நீரில் வரும். நர்சரியில் பல நிறப் பூவோடு விற்கும் உண்ணிச்செடியை மட்டும் வாங்காதீர்கள், அதன் பழத்தைக் குருவிகள் தின்று காட்டில் விதைத்துவிடும்.