செம்பூர் ஃப்ளாட்டில் நல்ல பாட்டு கேட்க: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: செம்பூரில் குடியிருக்கிறோம். ஹால் 10-க்கு 15 அடி. டிவிக்குக் கீழே இருக்கும் சவுண்ட்பாரில், ப்ளூடூத் வழியாகத்தான் இப்போது எல்லாப் பாட்டும். அப்பாவுக்கு ஐம்பது, அறுபதுகளின் கர்நாடகக் கச்சேரிகள். எனக்கும் மனைவிக்கும் எண்பதுகளின் இளையராஜா, தொண்ணூறுகளின் ரஹ்மான். மாட்டுங்காவில் பல வருடங்களாக வாங்கிச் சேர்த்த சிடிக்கள் 200 இருக்கும், அலமாரியில் கிடக்கின்றன. 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர், “முதல்ல 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் டிஏசி வாங்குங்க, 35,000 ஆகும், மத்ததெல்லாம் அப்புறம்” என்கிறார். நண்பரோ, “சிடியை எடைக்குப் போடு, ஸ்ட்ரீமிங் போதும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடைக்காரர் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் போடச் சொல்கிறார். நண்பர் உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கைத் தூக்கிப் போடச் சொல்கிறார்.

முதலில் அந்த 192 கிலோஹெர்ட்ஸ் விஷயம். டிஏசி என்பது டிஜிட்டலை மின் அலையாக மாற்றும் சில்லு. 192 என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறார்கள் என்ற கணக்கு. சிடியைவிட அதிகமாக இருந்தால் ‘ஹை-ரெஸ்’ என்பார்கள். ஆடியோ சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இந்த அளவில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பதிய முடியும். இளம் வயதுக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வரும். அறுபதைத் தாண்டிய பலருக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே அரிது. ஆக, அப்பாவின் காதுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே சிடியில் இருக்கிறது. 16 பிட் என்பது மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவில் 96 டெசிபல் இடைவெளி தரும். ஃபேன் ஓடுகிற, ஜன்னல் திறந்த மும்பை ஹாலில் சும்மா இருக்கும்போதே 40 டெசிபல் பக்கம் இரைச்சல் இருக்கும். அதற்கு மேல் 96-ஐ முழுசாகப் பயன்படுத்தினால் 136 டெசிபல். காது வலித்து, அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டிவிடுவார்கள்.

ஹை-ரெஸ் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கினால் வித்தியாசம் தெரிகிறதா என்று அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் சோதித்து எழுதினார்கள். எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தபோது யாராலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2016-இல் லண்டனைச் சேர்ந்த ரீஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். சரியாகச் சொன்னது 52 சதவீதம் சொச்சம். அதாவது சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஆனால் காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். இந்த வித்தியாசத்துக்கு 35,000 ரூபாயா? அதிலும் அப்பா கேட்பது 1960-களின் டேப் பதிவுகள். அந்த டேப்பின் சொந்த இரைச்சலே 16 பிட்டின் எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது. அதை 24 பிட், 192-இல் வாங்கினால் டேப்பின் ‘ஸ்ஸ்’ சத்தம்தான் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் உதவும், லெவல் வைப்பதில் தாராளம் கிடைக்கும். வீட்டில் கேட்பதற்கு அந்தக் கவலை இல்லை.

டிஏசி என்பது டிஜிட்டலை மின் அலையாக மாற்றும் சில்லு. உங்கள் போனுக்குள், சவுண்ட்பாருக்குள் எல்லாம் ஏற்கெனவே ஒன்று உண்டு. இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும் ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளில் இருப்பதே அளவீடுகளில் நன்றாகத் தேறுகிறது. பெரிய கடைகளின் முதல் அலமாரியில் அது இருக்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் தரம் எங்கே இருக்கிறது? ஒரு பாட்டு எந்தப் பிரதியிலிருந்து டிஜிட்டல் ஆனது என்பதில்தான். ஒரே பாட்டு ஸ்ட்ரீமிங்கில் நான்கைந்து ஆல்பங்களில் இருக்கும். ஒன்று மூல டேப்பிலிருந்து வந்திருக்கும். இன்னொன்று டேப் கிடைக்காமல் எல்பியிலிருந்து எடுத்தது, கூர்ந்து கேட்டால் முள் பொரியும் சத்தம் கேட்கும். மூன்றாவது ‘ரீமாஸ்டர்’ என்று சொல்லி சத்தத்தை ஏற்றித் தட்டையாக்கியது. கர்நாடகப் பதிவுகளில் நான்காவது ஒன்றும் உண்டு: இரைச்சலைத் துடைக்கிறோம் என்று தம்பூராவையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

எந்தப் பிரதி நல்லது என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிக நல்ல கருவி அந்தத் தம்பூராதான். தந்திக்கு அடியில் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறார்கள் அல்லவா, அதிலிருந்து கிளம்பும் கணகணவென்ற மேல் ஸ்வரங்கள் மிக நுணுக்கமானவை, விடாமல் ஒலிப்பவை. அதிகமாகச் சுருக்கிய, அதாவது குறைந்த பிட்ரேட் எம்பி3-இல் முதலில் கெடுவது அதுதான். தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி சுழலும். கச்சேரி முடிவின் கைதட்டலும் மழைச் சத்தம் மாதிரி கரைந்துபோகும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்பூரா மணிமணியாகக் கேட்டால் அந்தப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் காதுக்குச் சமமாக இருக்கும்படி வால்யூமைச் சரி செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் ‘நல்லா இருக்கு’ என்றே தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதனால்தான் சிடியை எடைக்குப் போடக் கூடாது என்கிறேன். தொண்ணூறுகளில் வந்த பல சிடிக்கள், பாட்டின் சத்தத்தை ஏற்றித் தட்டையாக்கும் இந்தப் போட்டி முற்றுவதற்கு முந்தியவை. சில ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் இல்லவே இல்லை. இருப்பவையும் உரிமை கைமாறினால் ஒரு நாள் காணாமல் போகும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த 200-இல் ‘100 பாடல்கள்’ என்று அட்டையில் போட்ட எம்பி3 டிஸ்க்குகள் எத்தனை? கம்ப்யூட்டரில் போட்டால் எம்பி3 ஃபைல்கள் வரிசையாகத் தெரியும். அவை ஆடியோ சிடி அல்ல. அவற்றை ஃப்ளாக் (தரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வடிவம்) ஆக மாற்றுவதில் பிரயோஜனமில்லை. சாம்பாரைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் சாம்பார் கூடாது.

மீதியுள்ள அசல் சிடிக்களை இந்த மழைக்காலத்துக்கு முன்னால் ரிப் செய்துவிடுங்கள், அதாவது கம்ப்யூட்டரில் ஃபைலாக எடுத்துவிடுங்கள். மும்பை ஈரத்தில் அட்டை பூசணம் பிடித்து, அது டிஸ்க்குக்கும் தாவும். ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவும், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற இலவச மென்பொருளும் போதும். நீங்கள் எடுத்த பிரதி அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று அதுவே சரிபார்க்கும். ஃபைலை ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். எதையும் இழக்காமல் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கும். ஒரு சிடிக்கு 300 முதல் 400 எம்பி, 200 சிடிக்கு 80 ஜிபி போதும். அதே அளவில் இன்னொரு பிரதி வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். ஃப்ளாக்கில் இன்னொரு வசதி, ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டியிருக்கும் கச்சேரிகள் நடுவில் துண்டிப்பு இல்லாமல் ஓடும். டேக் (ஃபைலோடு சேரும் பாட்டு, பாடகர் பெயர்கள்) போடும்போது மட்டும் சோம்பல் படாதீர்கள். இணையத்திலிருந்து தானாக வரும் பெயர்கள் கர்நாடக சங்கீதத்தில் பாதி தப்பாக இருக்கும். பாட்டின் பெயரோடு ராகத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், அப்பா ‘தோடி’ என்று தேடினால் வீட்டிலுள்ள அத்தனை தோடியும் வந்து நிற்கும். அதற்காகவே ரிப் செய்யலாம்.

ஸ்ட்ரீமிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் (எதையும் இழக்காத ஒலி) தருகிறது, ஆண்ட்ராய்டு போனிலும் கிடைக்கும். ஆனால் செட்டிங்கில் போய் நீங்கள்தான் இயக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை 2025-இல்தான் லாஸ்லெஸ்ஸுக்கு வந்தது. எந்தத் திட்டத்தில் கிடைக்கிறது என்று பார்த்துச் சந்தா கட்டுங்கள். யூடியூப் மியூசிக் உச்சமே 256 கேபிபிஎஸ்தான். அதுவும் மோசமில்லை, சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் போதும். அப்பாவுக்குப் பணமே செலவில்லாத ஒன்று சொல்லட்டுமா? ஆகாசவாணியின் ‘ராகம்’ என்ற சாஸ்திரிய சங்கீத சேனல், 2016 ஜனவரி 26-இலிருந்து 24 மணி நேரமும் ஒலிக்கிறது. அவர்களின் செயலியிலேயே கேட்கலாம்.

எந்தச் சந்தாவானாலும் ப்ளூடூத்தில் அனுப்பினால் லாஸ்லெஸ் பெரும்பாலும் லாஸ்லெஸ்ஸாக வந்து சேராது. நடுவில் மறுபடி சுருக்கியே அனுப்புகிறது. ஐபோனில் சுருக்கும் முறை எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி என்ற முறை உச்சத்தில் 990 கேபிபிஎஸ். சிடிக்கு வேண்டியது 1,411. சமையல் செய்துகொண்டு கேட்க ப்ளூடூத் தாராளமாகப் போதும். உட்கார்ந்து கேட்க ஒயரோ வைஃபையோதான்.

இனி 60,000-ஐப் பிரிப்போம். பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு. காதுக்குத் தெரிகிற வித்தியாசத்தை அள்ளித் தருவது அதுதான். ஐந்து அங்குல வூஃபர் (கீழ் ஒலி தரும் பகுதி) உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி உங்கள் ஹாலுக்குச் சரியான அளவு. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு வகை எடுத்தால் ஒரு பெட்டி மிச்சம், ஒயர் தொல்லையும் குறைவு. உங்கள் வீட்டுக்கு அதையே சொல்வேன். நாளைக்கு மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் வார்ஃப்டேல், க்யூ அகௌஸ்டிக்ஸ், போல்க் மாதிரி சாதா ஸ்பீக்கரும் தனி ஆம்ப்பும். சப்வூஃபர் வேண்டாம். ஃப்ளாட்டில் அது கீழ்வீட்டுக்காரருக்காக வாங்குவது. அப்புறம் ஸ்டாண்டுக்கு ஐயாயிரம். வைஃபை ஸ்ட்ரீமர் ஒன்று, அதாவது வைஃபையில் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. பென்டிரைவிலோ வீட்டு நெட்வொர்க்கிலோ இருக்கும் ஃப்ளாக் ஃபைலைப் படிக்குமா, ரிமோட்டில் பிரீசெட் பொத்தான் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பொத்தானை அமுக்கினால் ‘ராகம்’ வர வேண்டும். நான்கு செயலி திறக்க வேண்டியிருந்தால் அப்பா பழைய ரேடியோவுக்கே போய்விடுவார், அவர் போவது நியாயமும்கூட. மிச்சத்தில் ராத்திரிக்கு நல்ல ஒயர் ஹெட்போன் ஒன்று. டிஏசிக்குத் தனியாக ஒரு பைசா வேண்டாம், ஸ்ட்ரீமரிலேயே இருக்கிறது.

கடையில் கேட்கப் போகும்போது உங்கள் பாட்டுகளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அவர்கள் போட்டுக்காட்டும் ஜாஸ் எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும். ஒரு வயலின் தனிக் கச்சேரி, ஒரு பெண் குரல், எண்பதுகளின் பேஸ் கிட்டார் நடமாடும் ஒரு சினிமாப் பாட்டு, இவை போதும். வயலின் கீச்சென்றால் வேண்டாம் என்று எழுந்துவிடலாம். முடிந்தால் அதற்கு முந்தின வாரம் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டுப் போங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து. காதுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தபின் வேலை இன்னும் இருக்கிறது, அதற்குச் செலவு கிடையாது. மும்பை ஹாலில் சோபா சுவரோடு ஒட்டித்தான் இருக்கும். அங்கே உட்கார்ந்தால் பேஸ் வீங்கும். ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். ஸ்பீக்கரை மூலையில் தள்ளாதீர்கள். பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது விடுங்கள். அதற்கு இடமே இல்லை என்றால், பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கராக இருந்தால், அந்த ஓட்டையில் ஸ்பாஞ்சை அடைத்துப் பாருங்கள். 10 அடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 112-ம் இயல்பாகவே ரீங்கரிக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நடமாடும் இடம் அதை ஒட்டித்தான். இடத்தைத் தப்பாக வைத்தால் எல்லா அடியும் ஒரே ‘தொம்’ என்று கேட்பது அதனால்தான். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல் ஒலி தரும் சின்னப் பகுதி) காது உயரத்தில், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருங்கள். டைல்ஸ் தரைக்கு ஒரு ஜமக்காளம். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். உங்கள் இருக்கையிலிருந்து எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியோ கனமான திரையோ வரட்டும்.

எல்லாம் வைத்தபின் அப்பாவின் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். கண்ணை மூடினால் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரம் சரியில்லை. குரல் அறை முழுக்கப் பரவி எங்கே என்றே தெரியாவிட்டால், ஒரு ஸ்பீக்கரில் ஒயரின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது, திருப்பிப் போடுங்கள்.

சவுண்ட்பாரை விற்க வேண்டாம். செய்திக்கும் சீரியலுக்கும் டிவியோடு அதுவே இருக்கட்டும். புது ஸ்பீக்கரில் டிவியை இணைத்தால் சாயங்காலம் அப்பாவுக்கு முறை கிடைக்காது.