காட்சிக்கு நிற்கும் நீராவி இன்ஜினை வாங்கி ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் சுற்றுலாப் பூங்காவில் 3 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் தண்டவாளம் போடவிருக்கிறோம். 20 வருடமாகத் திறந்தவெளியில் காட்சிக்கு நிற்கும் ஒரு ‘ஒய்ஜி’ நீராவி இன்ஜின் விலைக்கு வருகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. வாங்கிச் சரிசெய்து ஓட்ட முடியுமா?

பதில்: முடியாததல்ல. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்த ‘ஃபேரி குயின்’ நீராவி இன்ஜின் 1909இல் ஓய்வு பெற்று, 1997இல் மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. ஆனால் பாய்லரின் உள்ளே பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நான் பாய்லர் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன். ஒருமுறை இப்படித்தான், புதுப் பெயின்ட் அடித்த இன்ஜின் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஃபயர்பாக்ஸ், அதாவது நெருப்பு எரியும் அறையின் கதவைத் திறந்து அடிமூலையில் கைவிட்டேன். கடைசி நாள் எரித்த சாம்பல் அள்ளப்படாமல், உள்ளே புகுந்த மழைநீரில் ஊறிச் சேறாகக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், தகட்டுக்குள் இறங்கிவிட்டது. ஈரச் சாம்பல் இரும்பை அரிக்கும். நின்ற இன்ஜின்கள் பெரும்பாலும் அங்கேதான் சாகின்றன.

ஆகவே முதல் செலவு பரிசோதனைக்கு. பாய்லரைச் சுற்றிய மேலுறையைக் கழற்றி, தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். பழைய இன்ஜின்களில் அந்த உறைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதற்கென்று பழகியவர்களே தொட வேண்டும். உள், வெளித் தகடுகளைப் பிணைத்திருக்கும் ஸ்டேக்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். உடைந்தது மந்தமாக ஒலிக்கும். பழகிய காது பிடித்துவிடும். சூடான புகை செல்லும் டியூப்கள் எப்படியும் தேயும் சரக்குதான், மொத்தமாக மாற்றக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, நீர் நிரப்பி, ஓடும் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றும் ஹைட்ராலிக் டெஸ்ட். ஒய்ஜியின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. நீராவியில் பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைக்கமாட்டார். குளிர்ந்த நீரில் தகடு விட்டுக்கொடுத்தால் கசிவோடு போகும்.

மற்றவை எண்ணிப் பார்க்க வேண்டியவை: பாய்லருக்குள் நீரைச் செலுத்தும் பித்தளை இன்ஜெக்டர், நீர்மட்டக் கண்ணாடிப் பொருத்திகள், பேரிங்குகள். காட்சி இன்ஜின்களில் இவை காணாமல் போயிருக்கும். புதிதாக வார்த்துக்கொள்ளலாம், பணம்தான் ஆகும்.

பாய்லர் தேறவில்லை என்றால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை 2011 தொடங்கி எண்ணெயில் எரியும் நான்கு எக்ஸ் வகை இன்ஜின்களைப் புதிதாகவே கட்டியது. பிறகு நிலக்கரியில் ஓடுவதையும் கட்டியது. பழைய வடிவம், புதிய பாய்லர் என்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒய்ஜி சரக்கு வண்டி இழுக்கச் செய்தது. நிலக்கரியும் நீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரோடு சேர்த்து நீளம், எடை இரண்டும் அதிகம். 3 கிலோமீட்டர் பூங்காப் பாதைக்கு, நீரைத் தன்மேலேயே சுமந்து, கூர்மையான வளைவுகளில் திரும்பும் சிறிய டேங்க் இன்ஜின்தான் பொருத்தம் என்பது என் கருத்து. சர்க்கரை ஆலைகளில் அப்படிப்பட்டவை ஓடின. நீங்கள் இன்னும் தண்டவாளம் போடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று: இன்ஜினை முடிவு செய்துவிட்டு, அதன் கேஜுக்கும் எடைக்கும் ஏற்பப் பாதையைப் போடுங்கள்.

ஆளையும் இப்போதே தேடுங்கள். குளிர்ந்த பாய்லரைப் பதறாமல் சூடேற்றவே பல மணி நேரமாகும். காலைப் பத்து மணி வண்டிக்கு விடியுமுன்னே அடுப்புப் பற்ற வேண்டும். ஓய்வுபெற்ற லோகோ ஷெட் ஃபிட்டர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இன்ஜினைப் பார்க்கப் போகும் நாளிலேயே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.