வாசகர் கேள்வி – பதில்: வான்கோழிக் காட்டில் மூன்று வாரம்

சென்ற இதழில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசிக்கும் என் தங்கை மகனோடு இளவேனில் வான்கோழி வேட்டைப் பருவம் முழுவதும் காட்டில் இருந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். துப்பாக்கியும் அனுமதிச் சீட்டும் அவனுடையவை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டுமே. அந்த நான்கு வரிக்கு நம் கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் கொல்லையில் திரியும் வான்கோழியைச் சிறுவர்களே பிடித்துவிடுகிறார்கள். அதற்கு மூன்று வாரமும் ஒரு துப்பாக்கியுமா?
– வாசகர், தேவிபட்டினம்

உங்கள் கொல்லையில் திரிவது, மெக்சிகோவில் மனிதர் பழக்கி வளர்த்த பறவையின் வழிவந்தது. காட்டு வான்கோழியும் அதே இனம்தான். ஆனால் அது இரவில் உயர்ந்த மரக்கிளையில் உறங்கும், விரட்டினால் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில்கூடப் பறக்கும். மோப்பம் அதற்கு மந்தம் என்பதால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. கண்தான் ஆபத்து. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் கழுத்தைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். முழங்காலில் ஏறுகிற உண்ணியைத் தட்டிவிடக் கையை அசைத்தீர்கள் என்றால் அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது. (அந்தக் காட்டில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை.)

நீங்கள் இருவரும் செய்த தவறுகள் என்னென்ன? வெற்றிக் கதையைவிட அதைக் கேட்கத்தான் ஆவல்.
– வாசகி, பாம்பன்

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். இளவேனிலில், விடியும் நேரத்தில், சேவல் மரக்கிளையில் இருந்தபடியே உரக்கக் கூவிப் பெட்டைகளை அழைக்கிறது. வேட்டைக்காரன் தரையில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலைப் போலச் செய்து அதைத் தன் பக்கம் வரவழைக்க வேண்டும். அதற்கென்று ஒரு சிறு மரப்பெட்டி இருக்கிறது. மூடியை அதன் விளிம்பில் தேய்த்தால் பெட்டை கூப்பிடுவதுபோலவே கேட்கும். கற்பலகை வட்டைக் குச்சியால் கீறுவோரும், வாய்க்குள் ரப்பர் சவ்வை வைத்து ஊதுவோரும் உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதும் தீனி தூவுவதும் அந்த மாநிலத்தில் குற்றம். பொம்மைப் பெட்டையை நட்டுவைக்கலாம்; நம் முன்னோர் பழக்கிய விலங்கைக் காட்டி மற்றதை இழுத்ததற்குப் 'பார்வை' என்று பெயர் வைத்திருந்தார்களே, அதே தந்திரம்தான்.

முதல் நாள் தவறு, நெருங்கிப் போனது. முந்திய மாலையில் என் தங்கை மகன் ஆந்தைபோல அலறிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்குச் சேவல் தன்னை அறியாமல் கூவிவிடும், அதை வைத்து அது உறங்கும் மரத்தைத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டோம். ஆனால் மறுநாள் இருட்டில் அந்த மரத்துக்கு அறுபது மீட்டர் வரை போய்விட்டோம். ஓக் மரச் சருகு எங்கள் காலடியில் அப்பளம்போல நொறுங்கியது. விடிவதற்கு முன்பே பறவை பறந்துவிட்டது. அதன் பிறகு நூற்றைம்பது மீட்டருக்கு உள்ளே போகவில்லை.

ஐந்தாம் நாள் செய்தது பெரிய தவறு. நாம் செய்வது இயற்கைக்கு நேர்மாறானது என்பதை மறந்துவிட்டோம். சேவல் கூவும், பெட்டைதான் தேடிப் போகும்; அதுவே அந்த இனத்தின் வழக்கம். நாமோ சேவலை வரச் சொல்கிறோம். அன்று எழுபது மீட்டர் தொலைவில், ஒரு முள்கம்பி வேலிக்கு அப்பால், வாலை மயில்போல விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு ஒரு சேவல் நின்றது. இவன் பெட்டியைத் தேய்க்க, அது பதில் கூவ, இவனுக்கு உற்சாகம் தாங்காமல் மறுபடி தேய்க்க, இப்படியே நாற்பது நிமிடம் போயிற்று. ஒவ்வொரு அழைப்பும், 'பெட்டை வந்துகொண்டிருக்கிறாள், நீ அங்கேயே நில்' என்றுதான் அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். கடைசியில் உண்மையான பெட்டை ஒன்று வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் மூன்று நான்கு முறை மெதுவாகக் கூப்பிடுவது, பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். நல்ல பதில் கிடைத்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது, கேள்வி–பதில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அங்கேதான் புரிந்தது.

அடுத்த தவறு, உட்கார்ந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் எழுந்தது. கூவல் நின்றுவிட்டால் பறவை போய்விட்டது என்று நினைத்தோம். ஏழரை மணிக்கு நான் காலை நீட்டி எழுந்தபோது, எங்களுக்குப் பின்னால் முப்பது மீட்டரில் சத்தமே இல்லாமல் வந்து நின்ற சேவல் படபடவென்று எழும்பிப் போனது. விடியற்காலையில் சேவல் பெட்டைகளோடு இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் அவை முட்டையிடப் பிரிந்து போன பிறகு தனியாகத் திரியும். பதினேழாம் நாள் கிடைத்த ஒரே பறவை, காலை பத்து மணி கடந்து, ஒரு கூவல்கூட இல்லாமல் வந்ததுதான்.

தூரக் கணக்கையும் சொல்ல வேண்டும். சல்லிக்குண்டு தலையிலும் கழுத்திலும் பட வேண்டும். முப்பத்தைந்து மீட்டரைத் தாண்டினால் குண்டுகள் சிதறி, பறவை காயத்தோடு ஓடிச் சாகும். மரமில்லாத புல்வெளியில் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இவன் முப்பத்தைந்து என்று நினைத்துச் சுட்டுத் தவறவிட்ட இடத்தைக் காலடி வைத்து அளந்தால் ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு, உட்கார்ந்ததும் வெளிச்சம் வருமுன் காலடியால் தூரத்தை அளந்து இரண்டு குச்சிகளை நட்டுவிட்டுத்தான் காத்திருந்தோம்.

காட்டில் எல்லோரும் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ள மாட்டார்களா?
– வாசகி, தங்கச்சிமடம்

நியாயமான பயம். நீங்கள் பெட்டைபோலக் கூப்பிடுகிறீர்கள், முன்னால் பொம்மைப் பறவை நிற்கிறது, உடம்பெல்லாம் இலை நிற உடுப்பு; மற்றொரு வேட்டைக்காரன் ஏமாற வேறென்ன வேண்டும்? முதல் நாள் நான் வழக்கம்போல ஒரு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். "மாமா, அந்தத் துண்டு வீட்டிலேயே இருக்கட்டும்" என்றான். சேவலின் தலை அந்தப் பருவத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். ஆகவே இந்த மூன்று நிறங்களில் கைக்குட்டைகூட ஆகாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். யாராவது வந்தால் கையை ஆட்டக்கூடாது, மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும். கூவல் கேட்ட திசையில் பதுங்கிப் போகவே கூடாது. அங்கே இருப்பது சேவலாக இல்லாமலும் போகலாம். சுட்ட பறவையை ஆரஞ்சு நிறத் துணியில் சுற்றித்தான் தூக்கி வருகிறார்கள்.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போடுகிறோம், மீன் முட்டையிடும் காலம் என்று. அவர்கள் இனப்பெருக்கக் காலத்திலேயே வேட்டையாடுகிறார்களே, இது என்ன நியாயம்?
– மீனவர், மண்டபம்

வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். வலைக்கு ஆண் மீன் எது, பெண் மீன் எது என்று தெரியாது. துப்பாக்கி பிடித்தவனுக்குத் தெரியும். இளவேனில் பருவத்தில், சேவலையோ, மார்பிலிருந்து குதிரை மயிர்போலத் தாடி தொங்கும் பறவையையோ மட்டுமே சுடலாம். தாடி உள்ளதும் பெரும்பாலும் சேவல்தான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும், அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கில்லை. எனவே சில சேவல்கள் குறைந்தாலும் குஞ்சுகள் குறையா என்பது அவர்கள் கணக்கு. ஒருவருக்குப் பருவம் முழுவதற்கும் இரண்டே பறவை. சுட்ட அன்றே இரவு பத்து மணிக்குள் அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு பட்டறிந்து வந்தது. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் வான்கோழி அற்றே போயிருந்தது. 1937-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பணிக்கு ஒதுக்கியது. எஞ்சிய பறவைகளை வலைவீசிப் பிடித்து வெற்றுக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். மிசௌரியில் 1960-இல்தான் மறுபடி இளவேனில் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் மூன்றே நாள். ஆனால் அவர்கள் கணக்கு முற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை. அண்மைக் காலத்தில் பல இடங்களில் எண்ணிக்கை குறைந்து, பெட்டைகள் சேருமுன்பே சேவல்களைச் சுடுகிறோமோ என்ற ஐயம் அங்கேயே எழுந்திருக்கிறது; தெற்கு மாநிலங்கள் சில பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டன. 2023-இல் டென்னசி இரண்டு வாரம் தள்ளியது.

இறைச்சி எப்படி இருந்தது?
– வாசகர், கீழக்கரை

மார்புக் கறியை மெல்லியதாக அரிந்து சட்டென்று வறுத்தால் நன்றாக இருக்கிறது. கொழுப்பே இல்லாததால் கொஞ்சம் கூடினாலும் சக்கையாகிவிடும். தொடை நார்போல. என் தங்கை அதைக் குக்கரில் பல விசில் விட்டு மிளகுக் குழம்பாக்கினாள். பல்லில் சல்லிக்குண்டு அகப்படலாம், பார்த்துச் சாப்பிட வேண்டும். பிரியாணிக்கு உங்கள் ஊர் ஆட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வான்கோழி வளர்க்கிறேன். அந்த மரப்பெட்டிக்கு அவையும் பதில் சொல்லுமா?
– வாசகர், தொண்டி

சொல்லும். ஆனால் மரப்பெட்டிக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். பேருந்து ஹாரனுக்கும் கதவு அடிபடும் சத்தத்துக்கும்கூட உங்கள் சேவல்கள் கூவுவதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

எங்கள் பக்கத்துக் கருவேலங்காட்டில் கௌதாரியும் மயிலும் நிறைய. நீங்கள் சொன்ன முறையை இங்கே செய்து பார்க்கலாமா?
– கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியோ மயிலோ முயலோ எதையும் வேட்டையாட முடியாது. கண்ணி வைப்பதும் தீனி போட்டு இழுப்பதும் முட்டையைக் குலைப்பதும்கூட வேட்டை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. இங்கே பருவமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை.

துப்பாக்கியைக் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் செய்யலாம். உங்கள் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். நல்ல மழை பெய்த ஆண்டில், மார்கழி இருட்டிலேயே போய், மங்கிய நிற உடுப்போடு ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடாதீர்கள். நாரைகள் ஒருமுறை எழும்பிப் பறந்துவிட்டன என்பதற்காக எட்டு மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிடவும் வேண்டாம். பத்து மணி வரை இருப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.